எண்ணிக்கை சரியாக இருந்தது

லாரியிலிருந்து கடைசிப் பெட்டி இறங்கியபோது பிற்பகல் மூன்று மணி. வாசலில் நின்றிருந்த லிஸ்டக்கா கையிலிருந்த அட்டையில் ஒரு கோடு போட்டுவிட்டு, எல்லாக் கோடுகளையும் ஒருமுறை எண்ணினார். நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஒன்று, அப்படிப் பன்னிரண்டு கட்டு, அதற்கு மேல் ஒற்றைக் கோடு. ஆக அறுபத்தொன்று. ஏற்றும்போதும் அறுபத்தொன்றுதான்.

“எல்லாம் வந்துடுச்சா மேடம்?” என்றார் டிரைவர்.

“வந்துடுச்சு. கணக்கு கச்சிதம்.”

டிரைவருக்கு நிற்க நேரமில்லை. லாரியின் மறுபாதியில் வேறொரு குடும்பத்தின் சாமான் இருந்தது. அதை மலையடிவாரத்து ஊர் ஒன்றில் கொண்டுபோய் இறக்க வேண்டும். கையெழுத்து வாங்கினார், கதவைச் சாத்தினார், தெருமுனையில் ஒரு ஹாரன் அடித்துவிட்டு மறைந்தார்.

லிஸ்டக்கா என்பது அலுவலகத்தில் விழுந்த பெயர். பதினோரு வருடம் ஒரே கம்பெனி, ஒரே வகை வேலை. ஒரு வங்கியோ மருத்துவமனையோ பழைய சாஃப்ட்வேரைத் தலைமுழுகிவிட்டுப் புதியதற்கு மாறும்போது, பழையதில் கிடக்கும் லட்சக்கணக்கான விவரங்களை ஒன்றுவிடாமல் புதிய இடத்தில் கொண்டுபோய்க் குடியேற்ற வேண்டும். டேட்டா மைக்ரேஷன் என்பார்கள். அதில் அவர் புலி. எதற்கும் லிஸ்ட் போட்டுவிட்டுத்தான் மூச்சு விடுவார். ஒருமுறை அலுவலகச் சுற்றுலாவில், பஸ்ஸில் யார் யாருக்கு வாந்தி வரும் என்று முந்தின நாளே லிஸ்ட் போட்டு அத்தனை பேரையும் ஜன்னலோரம் உட்காரவைத்தார். லிஸ்டில் ஒரு பெயர்கூடத் தப்பவில்லை.

கணவர் இயற்பியல் வாத்தியார். பல வருடம் காத்திருந்து தலைமையாசிரியர் பதவி வந்தது. வந்த இடம் இரண்டு நாள் பயணத் தூரம். மகள் ஏழாம் வகுப்பு. மூவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பேசி, போவது என்று முடிவெடுத்தார்கள். “உனக்கென்ன, ஐ.டி. வேலை எங்க போனாலும் கிடைக்கும்” என்று தெரிந்தவர்கள் எல்லோரும் தைரியம் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூட இந்தப் பக்கம் வந்து பார்த்தவர் இல்லை.

இந்த வட்டாரத்தில் அவருடைய வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனிகள் மொத்தமே மூன்று. ஒன்று, உங்கள் அனுபவம் எங்களுக்கு அதிகம் என்று கைவிரித்தது. இன்னொன்று, உங்கள் அனுபவம் எங்களுக்குப் போதாது என்றது. இரண்டு மின்னஞ்சலும் ஒரே நாளில் வந்தன. மிச்சம் இருந்தது மூன்றாவது. புது வீட்டிலிருந்து இருபது நிமிட நடை. வேலையை ஆராய்ந்து பார்க்கும் குழுத் தலைவி வெளியூரில் இருந்ததால் கடைசிச் சுற்று நேர்காணல் மட்டும் வீடியோவில். மறுநாள் காலை பதினொரு மணிக்கு.

அதுவும் கைநழுவினால்? பழைய மேலாளர் அவருடைய இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. “மாசக் கடைசி வரைக்கும் சமாளிக்கிறேம்மா. அதுக்கப்புறம் என் கையில இல்ல” என்றிருந்தார். மாதம் முடிய மூன்று நாள். திரும்பிப் போனால் ஒரு விடுதி அறை, மாதம் ஒருமுறை ரயிலேறி வந்து கணவரையும் மகளையும் பார்க்கிற பிழைப்பு. போகாவிட்டால் பதினோரு வருட உழைப்புக்கு ஒரு கும்பிடு. இரண்டில் எது என்று லிஸ்டக்கா எழுதிப் பார்க்கவே இல்லை. வாழ்க்கையில் அவர் லிஸ்ட் போடாத விஷயம் அது ஒன்றுதான்.

“அம்மா, நாளைக்கு இன்டர்வியூவுக்கு லேப்டாப்பை இப்பவே சார்ஜ் போட்டுடலாமா? எந்தப் பெட்டி?” என்றாள் மகள்.

“இரு, லிஸ்டைப் பார்த்துச் சொல்றேன்.”

“லிஸ்ட் எங்க இருக்கு?”

லிஸ்டக்கா வாயைத் திறந்தார். மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“லேப்டாப்ல.”

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாணவன் விடைத்தாளில் வெப்பத்துக்கு அலகு கிலோமீட்டர் என்று எழுதியிருந்தால் செய்வாரே, அதே துடைப்பு.

நடந்தது இதுதான். ரயில் கூட்டத்தில் லேப்டாப்பைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தால் இடிபடும் என்று லிஸ்டக்கா பயந்தார். இரண்டு கம்பளிகளுக்கு நடுவே வைத்து ஒரு பெட்டியில் அடைத்தார். பெட்டியில் லேப்டாப் என்று எழுதினால் யார் கண்ணாவது படுமே என்று, எல்லாப் பெட்டிகளுக்கும் ரகசியக் குறியீடு போட்டார். ‘ச-14’, ‘ம-3’ என்று சின்னச் சின்ன ஸ்டிக்கர். ‘ச’ என்றால் சமையலறை என்று எவனாவது கண்டுபிடித்துவிடுவானோ என்று ‘ச’வில் துணிகளையும் ‘து’வில் பாத்திரங்களையும் போட்டார். எதில் எது என்ற லிஸ்டைக் காகிதத்தில் எழுதினால் தொலைந்துவிடும் என்று லேப்டாப்பில் பத்திரமாக ஏற்றி, அதற்கு ஒரு பாஸ்வேர்டும் போட்டார்.

“யாரும் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு நெனச்ச. யாராலயும் முடியல. உன்னாலயும்தான்” என்றார் வாத்தியார்.

“என்னங்க, இப்ப கிண்டல் பண்ற நேரமா?”

“வேற யார்கிட்டயாவது லேப்டாப் வாங்கிக்கலாமே?”

சிக்கலே அங்கேதான். நேர்காணலுக்காக அந்தக் கம்பெனி ஒரு பயிற்சி வேலை கொடுத்திருந்தது. ஒரு கற்பனை மருத்துவமனையின் 4,218 நோயாளிகளின் விவரங்களைப் பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு மாற்றி, செய்த விதத்தை விளக்கிக் காட்ட வேண்டும். லிஸ்டக்கா இரண்டு வாரம் உட்கார்ந்து முடித்தார். முடித்த வேலை அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. நகல் எடுத்து வையுங்கள், நகல் எடுத்து வையுங்கள் என்று பதினோரு வருடம் ஊரார் காதில் ஓதியவர், வீடு காலி செய்யும் அமளியில் தான் எடுக்க மறந்துவிட்டார்.

“தேதியைத் தள்ளிப் போடச் சொல்லேன்” என்றார் வாத்தியார்.

“போன வாரம்தான் வீடு மாத்தறோம்னு சொல்லித் தள்ளிப் போட்டேன். மறுபடி கேட்டா, பெட்டியிலேயே இரும்மான்னு சொல்லிடுவாங்க.”

வேறு வழியில்லை. பெட்டிகளைப் பிரிக்க ஆரம்பித்தார்கள்.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரம்மா ஏறி வந்தார். தையல்காரர். கழுத்தில் அளவு நாடா தொங்க, கையில் கத்தரிக்கோலோடு வந்து நின்றவர் காரணத்தைக் கேட்டதும் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

“ஏம்மா, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்னு சொன்னாங்களே?”

“ஆமாக்கா. அதனாலதான் இப்படி ஆச்சு.”

“சரி, தள்ளு. டேப்பை இப்படிப் பிச்சா விடியறதுக்குள்ள முடியாது. நான் வெட்டறேன், நீங்க உள்ள பாருங்க.”

தையல்காரரின் கத்தரிக்கோலுக்கு முன்னால் டேப் எம்மாத்திரம். ஒரு இழுப்பு, பெட்டி வாயைப் பிளந்தது. மகள் உள்ளே கையை விட்டுத் துழாவி உரக்க அறிவித்தாள். “ஸ்பூன்!” “அப்பாவோட பழைய ஸ்வெட்டர்!” “மறுபடியும் ஸ்பூன்!” வாத்தியார் துழாவி முடித்த பெட்டிகளைச் சுவரோரம் தள்ளினார். இருபதாவது பெட்டியில் கூடத்தில் நடக்க இடமில்லை. முப்பதில் அடுப்படிக்குப் போகும் வழி அடைபட்டது. நாற்பதாவதில், நான்கு வருடமாகத் தொலைந்துபோயிருந்த டார்ச் கிடைத்து வாத்தியார் துள்ளிக் குதித்தார். அதைக் கொண்டாட அந்த வீட்டில் வேறு யாருக்கும் மனம் இல்லை.

ஐம்பத்தெட்டாவது பெட்டியை வீட்டுக்காரம்மா வெட்டிய வேகத்தில், மகள் உள்ளே பார்த்து வீல் என்று கத்தினாள்.

பெட்டி முழுக்கப் பற்கள்.

வெள்ளை மாவுக் கட்டில் வார்த்த தாடைகள். மேல் வரிசையும் கீழ் வரிசையுமாக, பழைய செய்தித்தாள் சுருள்களுக்கு நடுவே, எல்லாம் வாயைத் திறந்துகொண்டு லிஸ்டக்காவைப் பார்த்தன.

“இது உன் லிஸ்ட்ல இருக்கா?” என்றார் வாத்தியார்.

லிஸ்டக்கா பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். ‘உடையும்’ என்று மட்டும் எழுதியிருந்தது. அவருடைய ஸ்டிக்கர் இல்லை. மிச்சமிருந்த மூன்று பெட்டிகளையும் பிரித்தார்கள். புத்தகம், புத்தகம், செருப்பு. லேப்டாப்பும் இல்லை, கம்பளியும் இல்லை.

அப்போதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. லாரியில் இரண்டு வீட்டுச் சாமான். ஒரே கம்பெனியின் ஒரே பழுப்புப் பெட்டிகள். அவருடைய பெட்டி ஒன்று லாரியிலேயே தங்கிவிட்டது. பல்பெட்டி ஒன்று இங்கே இறங்கிவிட்டது. ஒன்று குறைந்து ஒன்று கூடியதால் அறுபத்தொன்று அறுபத்தொன்றாகவே இருந்தது. ஸ்டிக்கரைப் பார்த்து இறக்கியிருந்தால் பல்பெட்டி மாட்டியிருக்கும். குறைந்தது எந்தப் பெட்டி என்று பார்க்க லிஸ்ட் வேண்டும். லிஸ்ட் லேப்டாப்பில்.

டிரைவருக்குப் போன் போட்டார். அவர் அந்த இன்னொரு வீட்டில் சாமானை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். “அய்யய்யோ மேடம்! அவரு பல் செட் செய்யறவரு. அங்கயும் எண்ணிக்கை சரியாத்தானே இருந்துச்சு!” என்றார். நம்பர் கொடுத்தார். லிஸ்டக்கா அழைத்தார்.

“ஹலோ, பல் செட் செய்யறவருங்களா?”

“ஆமா. யாருக்குப் பல்லு வேணும்?”

“யாருக்கும் வேணாம் அண்ணே. உங்க பல்லெல்லாம் எங்க வீட்டுல இருக்கு.”

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம். “அப்பாடா! ஒரு மணி நேரமா வீட்டைப் புரட்டிப் போட்டுட்டேன் தங்கச்சி. கீழ போட்டுடலையே?”

“இல்லண்ணே. இருபத்திரண்டு ஜோடி. எண்ணிட்டேன்.”

“எண்ணிக்கையை விடுங்க. ஜோடி கலையலையே? ஒருத்தரோட மேல்வரிசையில இன்னொருத்தரோட கீழ்வரிசையைச் சேத்துட்டா எண்ணிக்கை சரியாத்தான் இருக்கும். வாய்தான் மூடாது.”

கலையவில்லை என்று லிஸ்டக்கா சத்தியம் செய்தார். பல்காரர் தன் வீட்டில் தேடிப் பார்த்து, ‘ம-9’ என்ற பெட்டியில் இரண்டு கம்பளிகளுக்கு நடுவே லேப்டாப் சுகமாகத் தூங்குவதாகச் சொன்னார். அவரிடம் வண்டி கிடையாது. மறுநாள் மாலை ஒரு பெரியவருக்குப் பல் செட்டை முடித்துக் கொடுத்தாக வேண்டும். அந்த மனிதர் மூன்று வாரமாக எதையும் மென்று சாப்பிடவில்லை. ஆகவே, காலை ஏழு மணி பஸ்ஸில் லிஸ்டக்கா பற்களோடு போவது, எட்டரைக்கு லேப்டாப்பை வாங்கிக்கொண்டு திரும்புவது, பத்தே காலுக்கு வீடு. திட்டம் ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் எழுதப்பட்டது. இந்தமுறை காகிதத்தில்.

காலையில் மகளை வீட்டுக்காரம்மாவிடம் விட்டுவிட்டுக் கணவனும் மனைவியும் பஸ் ஏறினார்கள். பெட்டி வாத்தியார் மடியில். பக்கத்து இருக்கைக்காரர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

“என்ன சார், கண்ணாடிச் சாமானா?”

“பல்லு.”

“யாரோடது?”

“தெரியாதுங்க.”

பக்கத்து இருக்கைக்காரர் அடுத்த நிறுத்தத்தில் இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்.

பாதி வழியில் சாலைக்குத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்து, எதிர்வரிசை வண்டிகளை விட்டார்கள். விட்டார்கள், விட்டுக்கொண்டே இருந்தார்கள். லிஸ்டக்கா உறையை எடுத்து எட்டரையை அடித்து ஒன்பது என்று எழுதினார். பிறகு ஒன்பதை அடித்தார். பிறகு உறையையே கசக்கிப் பைக்குள் போட்டார். பஸ் அடிவாரத்தில் போய் நின்றபோது மணி பத்து இருபது. திரும்பிப் போய் நேர்காணலில் உட்காரும் பேச்சுக்கே இடமில்லை.

பல்காரர் நிறுத்தத்திலேயே காத்திருந்தார். குட்டையான மனிதர், மேல்சட்டையெல்லாம் மாவு. பெட்டியைக் கைக்குழந்தையை வாங்குவதுபோல வாங்கினார்.

“அண்ணே, பதினொரு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. உங்க வீட்டுல ஒரு மூலை கிடைக்குமா?”

“மூலையா? பட்டறையையே எடுத்துக்குங்க. ஆனா நான் வேலை செய்யணுமே. நாலு மணிக்குப் பெரியவர் வந்துடுவாரு.”

“நீங்க பாட்டுக்குச் செய்யுங்க. சத்தம் மட்டும் போடாதீங்க.”

பட்டறை என்பது ஒரு சின்ன முன்னறை. ஜன்னலோரம் ஒரு மேஜை, எதிர்ச் சுவரில் காலி அலமாரி. லேப்டாப்புக்கு இணையம் கொடுக்கும் போனில் சிக்னல் கிடைத்தது ஜன்னலோரம் மட்டும். அங்கே உட்கார்ந்தால் அலமாரி முதுகுக்குப் பின்னால், கேமராவுக்கு நேராக. பரவாயில்லை, காலி அலமாரிதானே என்று லிஸ்டக்கா உட்கார்ந்தார். வாத்தியார் போனை ஜன்னல் கம்பியில் பிடித்துக்கொண்டு நின்றார். அசைந்தால் சிக்னல் போய்விடும். பல்காரரின் மனைவி கதவிடுக்கில் நின்று, யாராவது வந்தால் விரட்டிவிடும் பொறுப்பை ஏற்றார்.

பதினொன்று அடித்தது. திரையில் இரண்டு முகங்கள். ஒருவர் குழுத் தலைவி. நரைத்த கிராப், சிரிக்காத கண். இன்னொருவர் ஆளெடுக்கும் பிரிவின் இளைஞர். எதற்கும் சிரிக்கிற முகம்.

லிஸ்டக்கா வணக்கம் சொல்லி ஆரம்பித்தார். முதல் பக்கம், திட்டம். இரண்டாம் பக்கம், எந்த விவரம் எங்கே போகிறது. வாய் தானாகப் பேசியது. பதினோரு வருடப் பழக்கம். இளைஞரின் பார்வை மட்டும் அடிக்கடி லிஸ்டக்காவின் தோளுக்கு மேலே போய் வந்தது. கடைசியில் அடக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பின்னாடி என்னது?”

லிஸ்டக்கா திரையின் ஓரத்தில் தெரிந்த தன் படத்தைப் பார்த்தார். காலி அலமாரியில் இப்போது இரண்டு வரிசைப் பற்கள். மூன்றாவது வரிசையைப் பல்காரர் சத்தமே இல்லாமல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“பல்லு சார். வேற ஒருத்தரோட பட்டறையில இருந்து பேசறேன். பிறகு சொல்றேன்.”

“தொடருங்க” என்றார் குழுத் தலைவி.

மூன்றாம் பக்கம். பெரிய எழுத்தில் பச்சை நிறத்தில் அவரே போட்ட வரி: பழையதில் 4,218. புதியதில் 4,218. நூற்றுக்கு நூறு.

இதைப் படித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். போயிருப்பார். ஆனால் படத்தில் பல்காரர் கீழ்வரிசை ஒன்றைக் கையில் எடுத்து, ஒரு மேல்வரிசையோடு பொருத்திப் பார்த்தார். சேரவில்லை. வேறொன்றை எடுத்தார். அதுவும் சேரவில்லை. எண்ணி அடுக்கினால் போதுமே என்று இல்லாமல், ஒவ்வொன்றாக வாயை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லிஸ்டக்காவின் விரல் அடுத்த பக்கத்துக்குப் போகாமல் நின்றது. நோயாளிகளை அவர் எதைக்கொண்டு அடையாளம் கண்டார்? பெயர், பிறந்த தேதி. இரண்டும் ஒன்றாக இருக்கிற இரண்டு பேர் இருந்தால்? இவருடைய ரத்த வகை அவருக்கும், அவருடையது இவருக்கும் போயிருக்கும். எண்ணிக்கை கச்சிதமாக இருக்கும். பச்சை நிறத்தில் நூற்றுக்கு நூறு என்று மின்னும்.

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியும்? சொன்னால், தன் வேலையில் ஓட்டை இருக்கிறது என்று தானே நேர்காணலில் ஒப்புக்கொள்வதாகும். இந்த வேலை போனால் அப்புறம் ரயில்தான். ஜன்னல் பக்கம் பார்த்தார். போனைத் தூக்கிப் பிடித்தபடி ஆடாமல் அசையாமல் நின்ற வாத்தியார், என்ன ஆச்சு என்று புருவத்தால் கேட்டார்.

“மேடம், ஒரு நிமிஷம்” என்றார் லிஸ்டக்கா. “இந்தப் பக்கம் தப்பு.”

இளைஞரின் சிரிப்பு நின்றது. “தப்பா? எண்ணிக்கை சரியாத்தானே இருக்கு?”

“எண்ணிக்கை சரி சார். நான் எண்ணிக்கையை மட்டும்தான் பார்த்திருக்கேன். உள்ள ஆள் மாறியிருக்கான்னு பார்க்கல. பத்து நிமிஷம் குடுத்தீங்கன்னா இப்பவே, உங்க கண்ணு முன்னாடியே பார்த்துடறேன்.”

குழுத் தலைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “பாருங்க.”

அடுத்த பத்து நிமிடம் பட்டறையில் விசைப்பலகைச் சத்தம் மட்டும். பல்காரர்கூடக் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். லிஸ்டக்கா பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நோயாளி எண், ரத்த வகை, ஒவ்வாமை, முகவரி எல்லாவற்றையும் ஆளுக்கு ஆள் ஒப்பிடச் சொல்லி நாலு வரி எழுதி ஓடவிட்டார். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு சிவப்பில் ஒரு வரி. இன்னொன்று. ஆறு வரிகள் வந்து நின்றன.

“பெயரும் பிறந்த தேதியும் ஒண்ணா இருக்கறவங்க பதினாலு பேர், அதாவது ஏழு ஜோடி. அதுல மூணு ஜோடி மாறிப்போயிருக்கு. இதோ, இந்த அம்மாவுக்குப் பென்சிலின் ஒத்துக்காது. நான் அதைக் கொண்டுபோய் இன்னொரு அம்மா கணக்குல போட்டிருக்கேன்.” தன் தலையில் தானே குட்டிக்கொள்ளாத குறை. “நிஜ ஆஸ்பத்திரியா இருந்தா ஆபத்தா முடிஞ்சிருக்கும்.”

குழுத் தலைவி எதையோ எழுதிக்கொண்டார்.

“ஏன் திடீர்னு நிறுத்தினீங்க?” என்று கேட்டார்.

லிஸ்டக்கா மறைக்கவில்லை. அறுபத்தொரு பெட்டி, ரகசியக் குறியீடு, லேப்டாப்புக்குள் லிஸ்ட், பெட்டிக்குள் லேப்டாப், நகல் எடுக்காதது, ஐம்பத்தெட்டாவது பெட்டியில் பல். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். இளைஞர் முதலில் வாயைப் பொத்தினார். பிறகு மேஜைக்குக் கீழே குனிந்தார். சிறிது நேரம் அவருடைய நாற்காலி முதுகு மட்டும் குலுங்கியது. கதவிடுக்கில் பல்காரரின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். குழுத் தலைவியின் உதடு ஒருபக்கமாகக் கோணியது. அது சிரிப்பா என்று சொல்வதற்கில்லை.

“அந்தப் பதினாலு பேரை நாங்கதான் உள்ள போட்டோம்” என்றார் அவர். “உங்களுக்கு முன்னாடி நாலு பேர் வந்தாங்க. நாலு பேருக்கும் நூற்றுக்கு நூறு. சாயங்காலத்துக்குள்ள சொல்றோம்.”

திரை அணைந்தது.

“கிடைச்சுதா தங்கச்சி?” என்றார் பல்காரர்.

“தெரியலண்ணே. அந்த அம்மா முகத்தைப் பார்த்து ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல.”

“வாயைக் கொஞ்சம் திறந்திருந்தா நான் சொல்லியிருப்பேன்.”

வாத்தியார் போனைக் கீழே இறக்கி, மரத்துப்போன கையை உதறினார். “என் வேலைக்கு இவ்வளவு நேரம் நின்னதில்ல” என்றார். பல்காரரின் மனைவி தேநீர் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தெம்பில்லை.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் பிதுங்கியது. முன்வாசலில் ஏறிய லிஸ்டக்கா லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கம்பியோரம் நின்றார். பின்வாசலில் தொற்றிய வாத்தியார், கம்பளிகளோடு கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டார். நடுவே நாற்பது தலைகள். தார் போடும் இடத்தில் பஸ் மறுபடி நின்றது. என்ஜினை அணைத்தார்கள். அந்த அமைதியில் லிஸ்டக்காவின் போன் மணியடித்தது.

“ஹலோ… ஆமா சார், சொல்லுங்க… பஸ்ல இருக்கேன்… பரவால்ல சார், சொல்லுங்க…”

சுற்றி நின்றவர்கள், யாரோ ஒருவரின் போன் பேச்சைக் கேட்காத மாதிரி கேட்கும் அந்த முகத்தை வைத்துக்கொண்டார்கள். லிஸ்டக்காவின் கண் விரிந்தது.

“நிஜமாவா சார்?… சரி சார்… ரொம்ப நன்றி சார்… கண்டிப்பா வந்துடறேன்.”

போனை வைத்தார். கால் தரையில் இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

“என்னம்மா, நல்ல சேதியா?”

“வேலை கிடைச்சிருக்குங்க! பின்னாடி என் வீட்டுக்காரர் நிக்கறாரு, அவருக்குச் சொல்லணும்.”

“கம்பளி வச்சிருக்காரே, அவரா? இந்தாப்பா, பின்னாடி சொல்லு. அந்தக் கம்பளிக்காரர் வீட்டம்மாவுக்கு வேலை கிடைச்சிருக்காம்!”

சேதி தலை தலையாகப் பின்னால் போனது. லிஸ்டக்கா எம்பிப் பார்த்தார். கடைசி வரிசையில் ஒருவர் வாத்தியாரின் தோளைத் தட்டி ஏதோ சொன்னார். வாத்தியார் கம்பளியைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் கையும் தட்டினார். பிறகு பின்னாலிருந்து பதில் ஒன்று முன்னால் வந்தது.

“எங்க வேலைன்னு கேக்கறாரு. இந்த ஊர்லதானான்னு கேக்கறாரு.”

“இந்த ஊர்லதான்னு சொல்லுங்க! இருபது நிமிஷம் நடக்கற தூரம்னு சொல்லுங்க!”

அதுவும் போய்ச் சேர்ந்தது. வாத்தியார் கம்பளியில் முகத்தை ஒருதரம் அழுத்தி எடுத்தார். அடுத்த கேள்வி வந்தது.

“எப்போ சேரணுமாம்?”

“நாளை மறுநாள் காலையில ஒன்பது மணிக்கு. அப்படியே இதையும் சொல்லுங்க: வீட்டுல அறுபது பெட்டி வாயைத் திறந்துக்கிட்டுக் கிடக்கு, நாளைக்கு ஒரே நாள்தான் இருக்கு, பிரிச்சவங்கதான் அடுக்கணும்.”

எதிரிலிருந்த பெண்மணி ஒரு சொல் விடாமல் அனுப்பினார். நடுவில் இருந்தவர்கள் ஆளுக்கொரு சிரிப்போடு தள்ளிவிட்டார்கள். கடைசி வரிசையில் வாத்தியாரின் கம்பளி மெல்லக் கீழே இறங்கியது.